பள்ளிச் சீருடை: விதித்தாளில் தொடங்கி அக்டோபர் திருத்தம் வரை முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் பள்ளி திறப்பது ஜூன் தொடக்கத்தில். பெரும்பாலானோர் துணிக்கடைக்குக் கிளம்புவதோ மே கடைசி வாரத்தில். அதற்குள் சரியான ஷேடு தீர்ந்திருக்கும், டெய்லர் "பதினைந்து நாள் ஆகும்" என்பார், ஷூவில் குழந்தையின் சைஸ் மட்டும் இருக்காது. கிடைத்ததை வாங்கி, தைத்ததைப் போட்டு அனுப்பினால், முதல் வாரமே டைரியில் குறிப்பு எழுதி வரும்.

இந்த வேலையில் பணத்தைவிட வரிசைதான் முக்கியம். எதற்குப் பின் எதைச் செய்வது என்பது தப்பினால் நல்ல துணியும் நல்ல டெய்லரும் இருந்தும் பலனில்லை. கீழே உள்ளது தனியார் பள்ளிக்குத் துணி எடுத்துத் தைப்பவர்களுக்கான வரிசை. ரெடிமேடு வாங்குவோர் 3, 4, 6ஆம் படிகளை விட்டுவிடலாம். மற்றவை அவர்களுக்கும் பொருந்தும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பள்ளியின் சீருடை விதித்தாள், பள்ளி அலுவலகத்தில் கேட்டு வாங்கிய துணி சாம்பிள், இன்ச் டேப், குழந்தைக்கு இப்போது சரியாகப் பொருந்தும் ஒரு சட்டையும் பேன்ட்டும். கடைசியாகச் சொன்னதைத் தையல்கடையில் "அளவு சட்டை" என்பார்கள். போன வருடச் சீருடையை அளவு சட்டையாகக் கொடுக்காதீர்கள். அது சின்னதாகிவிட்டதால்தானே புதிது தைக்கிறீர்கள்?

நாட்கணக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: ஏப்ரல் கடைசியில் துணி, மே முதல் வாரம் நனைத்து உலர்த்துதல், மே 10 வாக்கில் அளவு, 17க்குள் முதல் செட், 28க்குள் மீதி. ஷூ மட்டும் கடைசி வாரம்.

1. விதித்தாளைக் கடைக்குப் போகும் முன் படியுங்கள்

படிக்கும்போது ஐந்து இடங்களில் கோடு போடுங்கள்: நிறமும் கட்டமும், வகுப்பு வாரியான உடை, பி.டி. (உடற்பயிற்சி வகுப்பு) உடை எந்தெந்த நாள், நீளம், ஷூவின் வகை.

வகுப்பு வாரியான மாற்றம்தான் பலரை ஏமாற்றும். ஐந்தாம் வகுப்பு வரை அரைக்கால் சட்டை, ஆறிலிருந்து முழு பேன்ட் என்று இருக்கும். பெண் பிள்ளைகளுக்கு ஓரிடத்தில் பினோஃபோர் (சட்டைக்கு மேல் போடும் கையில்லாத கவுன்) முடிந்து பாவாடை சட்டையோ, சுடிதாரும் ஓவர்கோட்டுமோ தொடங்கும். அந்த வகுப்பு பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். அக்காவுக்கு எட்டாம் வகுப்பில் மாறியது என்பதால் தங்கைக்கும் அப்படியே என்று நினைக்க வேண்டாம். இடையில் விதி மாறியிருக்கலாம்.

"நேவி ப்ளூ", "மெரூன்" என்று தாளில் இருக்கும் பெயரை மட்டும் நம்பித் துணி எடுக்காதீர்கள். ஒரே பெயரில் கடையில் ஆறு ஷேடு இருக்கும். சாம்பிள் துண்டு கேளுங்கள். மூத்த பிள்ளையின் பழைய சட்டையைச் சாம்பிளாகக் கொண்டுபோவதும் தவறு. ஒரு வருடம் துவைத்த துணியின் நிறம், கடையில் இருக்கும் தானின் (புதுத் துணிச் சுருளின்) நிறமாக இருக்காது.

பள்ளி வளாகத்திலேயே வாங்கக் கட்டாயப்படுத்தினால், எதற்குக் கட்டாயம் என்று பிரித்துக் கேளுங்கள். டை, பெல்ட், பேட்ஜ் ஆகியவற்றில் பள்ளிச் சின்னம் இருப்பதால் அவை அங்கேதான் கிடைக்கும். சாதாரணத் துணிக்கும் ஷூவுக்கும் அந்தக் காரணம் இல்லை. சி.பி.எஸ்.இ. வாரியம் 2017 ஏப்ரலில் தன் பள்ளிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், புத்தகத்தையும் சீருடையையும் பள்ளியிலோ குறிப்பிட்ட கடையிலோ வாங்கும்படி பெற்றோரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சொல்லியிருந்தது. சண்டைக்குப் போக வேண்டியதில்லை. "சாம்பிள் கொடுங்கள், அதே துணியில் வெளியே தைத்துக்கொள்கிறோம்" என்று எழுத்தில் கேட்டாலே பல இடங்களில் வழி பிறக்கும்.

2. எத்தனை செட் என்று முடிவு செய்யுங்கள்

பி.டி. நாட்களைக் கழித்துவிட்டு எண்ணுங்கள். வாரம் ஐந்து நாளில் இரண்டு நாள் பி.டி. உடை என்றால் வழக்கமான சீருடை மூன்று நாளுக்குத்தான். மூன்று சட்டையும் இரண்டு பேன்ட்டும் போதும். சட்டை தினமும் துவைக்க வேண்டியது, பேன்ட் அப்படியல்ல. பி.டி. உடை இரண்டு எடுங்கள். மண்ணில் புரண்டு வரும் உடை மறுநாளைக்குள் காய வேண்டுமே.

12 முதல் 14 வயது வரை உள்ள பையன்களுக்கு மொத்தமாகத் தைத்து அடுக்க வேண்டாம். அந்த வயதில் ஒரே வருடத்தில் 9 செ.மீ. வரைகூட வளர்வார்கள். இப்போது இரண்டு, காலாண்டு விடுமுறையில் ஒன்று என்று பிரித்துத் தைப்பது நல்லது. துணியை மட்டும் இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள். காரணம் அடுத்த படியில் இருக்கிறது.

3. துணி எடுக்கும்போது

எல்லாச் செட்டுக்கும் ஒரே தானிலிருந்து வெட்டச் சொல்லுங்கள். சாயமிடும் லாட் மாறினால் ஷேடும் சற்று மாறும். செப்டம்பரில் எடுக்கும் பேன்ட் துணி ஏப்ரலில் எடுத்ததோடு சேராமல் போகலாம்.

நிறத்தைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பாருங்கள். ட்யூப் லைட்டில் சாம்பிளோடு ஒத்துப்போகும் துணி வெயிலில் ஊதா கலந்து தெரிவதுண்டு. அசெம்பிளி நடப்பது வெயிலில்தான்.

சட்டைக்குப் பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணி, பேன்ட்டுக்குப் பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்த துணி என்பது வழக்கம். முழுக்கப் பாலியஸ்டர் சட்டை மலிவு, கசங்காது. ஆனால் சென்னை, வேலூர் வெயிலில் மின்விசிறி எட்டாத கடைசி பெஞ்சில் அதைப் போட்டுக்கொண்டு எட்டுப் பீரியடு உட்கார முடியாது. பருத்தி கூடினால் சுருக்கமும் கசங்கலும் கூடும், ஆனால் உடம்புக்குப் புழுக்கம் குறையும். இஸ்திரி போடும் சிரமத்தைப் பெரியவர்கள் ஏற்றுக்கொள்ளலாம் என்பதே இங்கே பரிந்துரை.

சாயத்தைச் சோதிக்க, நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் துணியின் ஓரத்தைப் பத்து முறை அழுத்தித் தேயுங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் வேண்டாம். மெரூனும் கரும்பச்சையும் இதில் அதிகம் தோற்கும்.

அளவுக்கு ஒரு கணக்கு: 58 இன்ச் அகலத் துணியில் பேன்ட்டுக்கு, பேன்ட்டின் நீளத்தோடு 6 இன்ச் சேர்த்தால் போதும். 34 இன்ச் நீளப் பேன்ட்டுக்கு 40 இன்ச், அதாவது ஒரு மீட்டர் சொச்சம். மார்பு 30 இன்ச் உள்ள பிள்ளைக்கு அரைக்கைச் சட்டை என்றால் 58 இன்ச் அகலத்தில் சுமார் 1.1 மீட்டர், 36 இன்ச் அகலத்தில் சுமார் 1.75 மீட்டர். கட்டம் போட்ட துணியாக இருந்தால் செட்டுக்கு 20 செ.மீ. கூட்டி எடுங்கள். முன்பக்கம் இரண்டும், பாக்கெட்டும் கட்டத்தோடு கட்டம் சேர வேண்டுமானால் துணி வீணாகத்தான் செய்யும். இதைவிட முதலில் அகலத்தைக் கேட்பது முக்கியம். 36 இன்ச்சுக்கான கணக்கை 58 இன்ச்சில் வாங்கிப் பாதித் துணியை பீரோவில் வைத்திருக்கும் வீடுகள் நிறைய.

4. நனைத்து உலர்த்தாமல் டெய்லரிடம் கொடுக்காதீர்கள்

பருத்தி கலந்த துணி முதல் நனைப்பில் 100க்கு 3, 4 வரை சுருங்கக்கூடும். 90 செ.மீ. பேன்ட்டில் 4 சதவீதம் என்றால் 3.6 செ.மீ., கிட்டத்தட்ட ஒன்றரை இன்ச். தைத்த பிறகு சுருங்கினால் அது கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கும். தைக்கும் முன் சுருங்கினால் துணியில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

சாதாரணத் தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊற வையுங்கள். சோப்பு வேண்டாம். முறுக்கிப் பிழியாமல் நிழலில் விரித்து உலர்த்தி, அரை ஈரத்தில் இஸ்திரி போட்டு மடியுங்கள். வெள்ளையையும் வண்ணத்தையும் ஒரே வாளியில் போட்டால் சீருடை தைக்கும் முன்பே கதை முடிந்துவிடும்.

காலர் விறைப்பாக நிற்க உள்ளே வைக்கும் கேன்வாஸும் சுருங்கும். அது சுருங்கி மேல்துணி சுருங்காவிட்டால் காலரில் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கும். இஸ்திரியால் அது படியாது. நல்ல கேன்வாஸ் வைக்கச் சொல்லி டெய்லரிடம் தனியே கேளுங்கள்.

5. அளவு: கொடுக்கும் நாளன்றே எடுங்கள்

ஏப்ரலில் எடுத்து எழுதி வைத்த அளவு மே மாதத்துக்கு உதவாது. உள்ளே போடும் பனியனோடு, காலில் செருப்பில்லாமல், சாப்பிட்ட பின் அளவெடுங்கள். வெறும் வயிற்றில் எடுத்த இடுப்பளவு மதியச் சாப்பாட்டுக்குப் பின் பட்டனை இழுக்கும்.

கழுத்தளவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். டை கட்டும் பள்ளியில் மேல் பட்டனைப் போட்டே ஆக வேண்டும் என்பதால் இந்த இடம் தப்பினால் வருடம் முழுக்கத் தொல்லை.

சட்டையின் நீளம் இடுப்புக்குக் கீழே 6 இன்ச்சாவது வர வேண்டும். விதி "டக் இன்" என்றால், கையைத் தூக்கியதும் சட்டை வெளியே வரக் கூடாது. பையன் ஒழுங்காக இல்லை என்று திட்டு வாங்கும் விஷயத்தில் பாதி, சட்டை இரண்டு இன்ச் குட்டையாகத் தைத்ததால் வருவது.

பெண் பிள்ளைகளின் பாவாடை, பினோஃபோர் நீளத்தை நிற்கும்போது மட்டும் பார்க்காதீர்கள். நாற்காலியில் உட்கார வைத்து முழங்கால் மறைகிறதா என்று பாருங்கள். "முழங்காலுக்குக் கீழே" என்று விதி சொல்வது நிற்கும் நிலையை. குழந்தைக்கு வேண்டியது உட்காரும் நிலை. உட்காரும்போது துணி இரண்டு மூன்று இன்ச் மேலே ஏறும்.

6. டெய்லரிடம் வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள்

சீசனில் டெய்லர் ஒரு நாளில் முப்பது பேரிடம் பேசுவார். துண்டுச் சீட்டில் எழுதித் துணியோடு பின் குத்திக் கொடுங்கள். எழுத வேண்டியவை:

உள்மடிப்பு. ஆறு முதல் பத்து வயது வரை பிள்ளைகள் வருடத்துக்கு 5, 6 செ.மீ. உயர்வார்கள். அதில் இடுப்பிலிருந்து கணுக்கால் வரையான பங்கு பாதிக்குமேல். ஆகவே பேன்ட் காலில் 2 இன்ச் மடிப்பு போதும். பன்னிரண்டுக்கு மேல் 3 இன்ச் விடுங்கள். நாலைந்து இன்ச் விடச் சொல்பவர்கள் உண்டு. துணி கனத்துப் பேன்ட் கீழே தொங்கும், மடிப்பு ஷூவில் மாட்டித் தையல் பிரியும்.

அகலத்துக்கும் இடம். பேன்ட்டின் பின் நடுத்தையலில் ஒன்றரை இன்ச், சட்டையின் இரு பக்கத் தையலில் முக்கால் இன்ச் வீதம், பினோஃபோர் பக்கவாட்டில் ஒரு இன்ச் வீதம். ஓரங்களுக்கு ஓவர்லாக் (நூல் பிரியாமல் ஓரத்தைச் சுற்றி அடிக்கும் தையல்) கட்டாயம். இல்லாவிட்டால் உள்ளே விட்ட துணி பிரிக்கும் நாளுக்குள் நூல் நூலாகப் போயிருக்கும்.

இடுப்பு. சின்னப் பிள்ளைகளுக்குப் பின்பக்கம் எலாஸ்டிக், பெரியவர்களுக்கு ஹூக் மாட்ட இரண்டு இடம்.

நூல். பேன்ட்டின் கவட்டுத் தையலுக்கு பாலியஸ்டர் நூலில் இரட்டைத் தையல். தரையில் உட்கார்ந்து எழும்போது முதலில் விடுவது அந்த இடம்தான்.

பாக்கெட். பெண் பிள்ளைகளின் பினோஃபோரிலும் சுடிதார் டாப்பிலும் பக்கவாட்டுப் பாக்கெட் வைக்கச் சொல்லுங்கள். கேட்காமல் யாரும் வைக்க மாட்டார்கள். கைக்குட்டைக்கும், பஸ் பாஸுக்கும், மாதவிலக்கு நாட்களில் பையைத் தூக்கிக்கொண்டு கழிவறைக்குப் போகாமல் இருப்பதற்கும் அது வேண்டும். வெளியே தெரியாத பாக்கெட்டுக்குப் பொதுவாகத் தடை இருக்காது.

துப்பட்டாவை வி வடிவில் மடித்துக் குத்தும் பள்ளி என்றால் தோளின் இரு பக்கமும் பிரஸ் பட்டன் வைத்துத் தைக்கலாம். தினமும் ஊக்கு குத்திக் குத்தி ஓட்டை விழுவதும், மழையில் நனைந்த ஊக்கு துருக்கறை வைப்பதும் இருக்காது. காஜா (பட்டன் துளைத் தையல்) முடிந்ததும் நான்கைந்து பட்டனைக் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

7. முதலில் ஒரே ஒரு செட்

இந்த வழிகாட்டியில் ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். மூன்று செட்டையும் ஒன்றாகத் தைத்து வாங்கினால், ஒரு தவறு மூன்று தவறாக வரும். டெய்லர் முணுமுணுப்பார். ஆனாலும் நீங்கள் "ஒண்ணு போட்டுப் பார்த்துட்டுச் சொல்றோம்ணே, மீதியை அப்புறம் வெட்டுங்க" என்று முன்பணத்தோடு சொன்னால் ஒத்துக்கொள்வார்.

வந்த செட்டைப் போட்டுவிட்டு நான்கு விஷயம் செய்யச் சொல்லுங்கள்: இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்க, தரையில் சம்மணமிட்டு உட்கார, மாடிப்படி ஏற, புத்தகப் பையை மாட்டி நடக்க. கண்ணாடி முன் நிற்கும்போது எல்லா உடையும் சரியாகத்தான் இருக்கும். பை மாட்டினால் தோள் இழுக்கிறதா, சம்மணமிட்டால் பேன்ட் பின்னால் இறங்குகிறதா என்பதில்தான் குறை வெளிப்படும்.

பிறகு ஒருமுறை துவைத்து, மறுபடி போட்டுப் பார்த்து, அதற்குப் பின் மீதியை வெட்டச் சொல்லுங்கள்.

அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் சத்துணவு சாப்பிடும் 1 முதல் 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடம் நான்கு செட் விலையில்லாச் சீருடை தைத்தே வரும். அங்கேயும் இந்தச் சோதனை பொருந்தும். வந்த அன்றே போட்டுப் பார்த்து, அளவு தப்பியிருந்தால் ஆசிரியரிடம் சொல்லி மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் பெரியதை வாங்கிக்கொள்ளுங்கள். பெரியதைப் பிடித்துத் தைத்துக்கொள்ளலாம், சின்னதை விரிக்க உள்ளே துணி இருக்காது. பட்டன்களையும் கவட்டுத் தையலையும் ஒருமுறை வீட்டில் உறுதிப்படுத்திவிடுங்கள்.

8. ஷூ, சாக்ஸ், மற்றவை

ஷூவை மாலையில், சாக்ஸ் போட்டு, இரண்டு காலிலும் மாட்டிப் பாருங்கள். பகல் முழுக்க ஆடிய கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும். நிற்கும்போது பெருவிரலுக்கு முன்னால் ஒரு செ.மீ. இடம் வேண்டும். "ரெண்டு வருஷம் வரட்டும்" என்று இரண்டு சைஸ் பெரிதாக எடுத்தால் குதிகால் ஏறி இறங்கிக் கொப்புளம் வரும், ஓடும்போது தடுக்கும். லேஸ் கட்டத் தெரியாத பிள்ளைக்கு வெல்க்ரோ. விதியில் லேஸ் என்று இருந்தால் மே மாதத்திலேயே கட்டப் பழக்குங்கள்.

பள்ளி திறக்கும் ஒரு வாரம் முன்பிருந்து மாலையில் ஒரு மணி நேரம் வீட்டுக்குள் போட்டு நடக்கட்டும். சாக்ஸ் ஆறு ஜோடி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் ஷூ நனையாத வாரம் இருக்காது. நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து மின்விசிறிக் காற்றில் வையுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் பசை விட்டு அடிப்பாகம் பிளக்கும்.

பெயரைச் சட்டைக் காலரின் உள்பக்கமும், டை, பெல்ட்டின் பின்பக்கமும் அழியாத மையால் எழுதுங்கள். பைக்கு வெளியே, தெருவில் போகிறவர் படிக்கும்படி பெரிதாகக் குழந்தையின் பெயரை எழுத வேண்டாம்.

9. உடை தாண்டிய விதிகளும் விலக்கும்

முடி, நகம், மருதாணி, வளையல், கையில் கட்டும் கயிறு, பூ, பிறந்தநாள் கலர் டிரஸ்: இவை விதித்தாளின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். ரெட்டை ஜடை மடித்துக் கட்டும் பள்ளி என்றால் ரிப்பனின் நிறமும் அங்கேதான். மே மாதக் கல்யாணத்தில் வைத்த மருதாணி ஜூனில் பிரச்சினையாகும், நாளைக் கணக்குப் பாருங்கள்.

விலக்கு வேண்டுமானால் முன்கூட்டி எழுதிக் கொடுப்பதே முறை. ஐயப்பனுக்கு மாலை போடும் பையன், கையில் மாவுக்கட்டோடு வரும் பிள்ளை, பாலியஸ்டர் பட்டால் தோல் தடிக்கும் குழந்தை என்று காரணம் எதுவானாலும் கடிதத்தில் நான்கு செய்தி இருக்கட்டும்: என்ன காரணம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, சீருடையில் எது மட்டும் மாறும், எது மாறாது. "கார்த்திகை முதல் தேதியிலிருந்து மாலை கழற்றும்வரை ஷூ அணிய மாட்டான், மற்ற சீருடை வழக்கம்போல் இருக்கும்" என்று எழுதினால் தலைமை ஆசிரியர் முடிவெடுப்பது எளிது. வெறுமனே "அனுமதிக்க வேண்டுகிறேன்" என்றால் எதற்கு என்று திருப்பிக் கேட்பார். உடல்நலக் காரணத்துக்கு மருத்துவர் சீட்டைச் சேருங்கள். கடிதத்தின் நகலைக் குழந்தையின் டைரியில் ஒட்டுங்கள். கேட்டில் நிற்கும் பி.டி. ஆசிரியருக்குத் தலைமை ஆசிரியர் அனுமதித்தது தெரிந்திருக்காது.

10. துவைப்பதும் இஸ்திரியும்

காலர் அழுக்குக்குச் சோப்புத்தூளைக் குழைத்துத் தடவிப் பத்து நிமிடம் விட்டுத் தேய்த்தால் போதும். ப்ளீச்சைத் தொடாதீர்கள், கலப்புத் துணி வெளுப்பதற்குப் பதில் பழுக்கும். சொட்டு நீலத்தை முதலில் தண்ணீரில் கலக்கிவிட்டுப் பிறகு சட்டையைப் போடுங்கள். சட்டை கிடக்கும் வாளியில் நேராகச் சொட்டினால் திட்டுத்திட்டாக நிற்கும்.

பால்பாயிண்ட் மைக்கறைக்கு சானிடைசர் அல்லது ஸ்பிரிட். கறைக்கு அடியில் பழைய துணியை வைத்து மேலிருந்து ஒற்றி எடுங்கள். தேய்த்தால் கறை பரவும்.

அடர்நிறப் பேன்ட்டை உள்பக்கம் திருப்பி இஸ்திரி போடுங்கள். நேரடிச் சூட்டில் பாலியஸ்டர் பளபளக்கத் தொடங்கினால் அது போகாது.

11. காலாண்டு விடுமுறையில் ஒருமுறை

செப்டம்பர் கடைசியில் தேர்வு முடிந்ததும் எல்லாச் செட்டையும் போட்டுப் பாருங்கள். பேன்ட் ஷூவின் மேல்விளிம்புக்கு மேலே ஏறியிருந்தால் மடிப்பைப் பிரிக்க அதுதான் சரியான நேரம். மார்ச் வரை இழுத்தால், மடிப்புக்குள் இருந்த துணி புது நிறத்திலும் வெளியே இருந்தது வெளிறியும் கோடாகத் தெரியும்.

பிரித்த இடத்தில் பழைய மடிப்புத் தழும்பு நிற்கும். வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, அதில் நனைத்த துணியை மேலே விரித்து மிதமான சூட்டில் இரண்டு மூன்று முறை அழுத்துங்கள். முதலில் உள்பக்கம் ஓர் ஓரத்தில் சோதித்துச் சாயம் கலங்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பின் புது மடிப்பை ஒரு இன்ச்சில் அடித்துவிடுங்கள். மீதி முழுப் பரீட்சை வரை தாங்கும்.